பிளாஸ்திரியும் தோலும்

பினாங்குத் திடல்களில் கால்பந்தும் செப்பாக் தக்ராவும் ஆடும் இளைஞர் கணுக்காலில் வெண்பட்டை சுற்றியிருப்பதைக் காணலாம். வலை கட்டித் தக்ரா ஆடும் முறை 1945-இல் இத்தீவிலேயே தொடங்கியது என்பர். தாவி எழுந்து ஆடும் அவ்வாட்டத்தில் சுளுக்குக்குக் குறைவில்லை. சுளுக்கிய மூட்டைப் பிளாஸ்திரி அசையாமற் காக்கும். ஆனால் பட்டையை உரித்தபின் தோல் சிவந்திருந்தால், அதனை வியர்வைச் சூடென்று தள்ளி, மறுநாளும் அதே பட்டையைச் சுற்றிவிடுகின்றனர். சிலருக்கு இது தீங்காய் முடிகிறது.

அச்சிவப்பு இருவகைப்படும். ஒன்று உறுத்தல், அது எவர்க்கும் வரும். ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் நீங்காத பினாங்கில், பட்டையின் அடியில் தேங்கும் வியர்வை தோலை ஊறவைக்கிறது, வேர்க்குருவும் எழுகிறது. இழுத்து ஒட்டினால் ஓரங்களிற் கொப்புளம் காணும்; வெடுக்கென உரித்தால் மேல்தோலும் உடன் வரும். இச்சிவப்பு பட்டை கிடந்த இடத்தோடு நிற்கும். அரிப்பினும் எரிச்சலே மிகும். பட்டையை நீக்கினால் ஓரிரு நாளில் அடங்கும்.

மற்றொன்றாகிய ஒவ்வாமை அத்தகையதன்று. பசையிலுள்ள ஒரு பொருளை உடல் பகையென அறிந்துகொண்டால், பின்னர் அது படுந்தோறும் எதிர்க்கும். பல திங்கள் தீங்கின்றிப் பயன்படுத்தியவர்க்கும் இது நேரலாம். ஆதலின், 'இத்தனை நாள் ஒன்றும் செய்யாத பிளாஸ்திரி இன்றா செய்யும்?' என்னும் வாதம் பொருந்தாது. ஒன்றிரண்டு நாள் கழித்தே அரிப்பும் நீர்க்கொப்புளமும் தோன்றி, பட்டையின் எல்லையையும் கடந்து பரவும்.

வெண்பட்டையின் பழைய பசை, ரப்பரும் பைன் மரப்பிசினாகிய ரோசினும் துத்தநாக ஆக்சைடும் சேர்ந்தது. பிடில் வில்லில் தேய்க்கும் கட்டியும் இந்த ரோசினே. துத்தநாகம் தோலுக்கு இதமளிக்கவே சேர்க்கப்பட்டது. பெரும்பாலும் குற்றவாளி ரோசின்தான். ரப்பரைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும் மருந்துகளும் சிலர்க்கு ஒவ்வா. பால்மரத்தை நாடோறும் தொட்டு வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு இது வியப்பாகலாம். மரப்பாலின் புரதமே ஒவ்வாதவரும் உளர். அவர்க்குச் சில நிமிடங்களிலேயே தடிப்பெழும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பட்டை நன்கு பற்றுவதற்காகச் சிலர் முன்னரே தடவும் டிங்சர், சாம்பிராணியை எரிசாராயத்திற் கரைத்தது. பினாங்கிற்கு எதிர்க்கரையான சுமத்திராவின் சாம்பிராணி பெயர் பெற்றது. ஆயினும் அதுவும் சிலர் தோலுக்கு ஆகாது. பட்டையை மாற்றியும் அரிப்புத் தீராவிடின் இதனையும் ஐயுறல் வேண்டும்.

எப்பொருள் ஒவ்வவில்லை என்பதைத் தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனையாற் காண்பர். ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறிது சிறிதாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரங் கழித்து நீக்கிப் பார்ப்பர். மேலும் ஓரிரு நாள் சென்றபின் மறுபடியும் பார்ப்பர். அதுவரை அம்மாணவனுக்குப் பசையற்ற துணிக்கட்டோ கயிறிட்டு இறுக்கும் கணுக்காலுறையோ போதும். 1970களில் ஜப்பானில் தோன்றிய வண்ணப் பட்டைகளில் அக்ரிலிக் பசை உள்ளது. பலர்க்கு ஒத்துக்கொள்கிறது, எல்லோர்க்கும் அன்று. மருத்துவரிடம் செல்லும்போது பட்டையின் உறையையும் டிங்சர் புட்டியையும் எடுத்துச் செல்வது நலம்.