முதல் மழையும் குடிதண்ணீரும்

ஏலகிரி மலைப் பக்கம் மேகம் கருத்தாலே நாட்றம்பள்ளிக்காரர்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். ஆனால் வயிற்றுக்கு ஆபத்து கூடுவது, நீண்ட வறட்சிக்குப் பிறகு கொட்டும் அந்த முதல் பெருமழையில்தான்.

வறட்சி சேர்த்ததை மழை வாரும்

திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் 5 வயதுக்கு உட்பட்ட 1,284 குழந்தைகளை 2008, 2009-ஆம் ஆண்டுகளில் கண்காணித்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. 60 நாள் வறண்டு கிடந்த பிறகு பெய்த பெருமழையை ஒட்டி வயிற்றுப்போக்கு கூடியிருந்தது. மற்ற நேரத்துப் பெருமழைக்கு அப்படித் தெளிவான தொடர்பு இல்லை. காரணம் இதுவாக இருக்கலாம். வெயில் காலம் முழுக்கத் திறந்த வெளியில் சேர்ந்த மலமும் சாணமும் குப்பையும் முதல் வெள்ளத்தில் ஒரே நாளில் அடித்துக்கொண்டு வரும். அடுத்தடுத்த மழையில் அது நீர்த்துப்போகும்.

குழாய்க்குள் எப்படி நுழைகிறது?

தண்ணீர் விடும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்கும். நிறுத்தியதும் குறையும். அப்போது சாக்கடையோரத்து விரிசல், மழைநீர் தேங்கிய வால்வு குழி, வீட்டு வாசலில் பள்ளம் தோண்டிப் பிடிக்கும் குழாய் வழியே அழுக்குநீர் உள்ளே போய்விடும். மறுபடி தண்ணீர் விட்டதும் முதல் குடத்தில் வந்து விழுவது அதுதான். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்கு இந்தச் சுற்றுவழியே தேவையில்லை.

நாக்கை நம்பாதீர்கள்

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பாலாற்றங்கரையைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அந்தக் கழிவு தண்ணீரை உப்பாக்கியதால், உப்புக் கரித்தால் கெட்ட தண்ணீர், கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர் என்பது இந்த வட்டாரத்தில் ஊறிப்போன கணக்கு. ஆனால் கிருமிக்குச் சுவை கிடையாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், தோல் கழிவின் உப்பும் குரோமியமும் போகாது. இரண்டும் வெவ்வேறு கேடுகள்.

மழை மறந்த பிறகு வரும் நோய்

அழுக்குநீர் உடலுக்குள் போனபின் காலரா சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள் தாக்கும். டைபாய்டுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை வெளிப்படச் சுமார் 4 வாரம் ஆகும். அதேபோல் தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் இ கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

- முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள்.
- தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றி, மூடிவையுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள்.
- மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டார்களா என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேளுங்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும்.
- வயிற்றுப்போக்கு கண்டதும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் உண்டு. அளவைச் செவிலியரிடம் கேளுங்கள்.
- கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.
- தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் பேதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

மண்வாசனை மூக்கில் ஏறிய அன்றே அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரமும் ஏறட்டும்.