வலி போய்விட்டது, தசை இன்னும் தயாராகவில்லை

2024 மார்ச்சில் பங்ளாதேஷுக்கு எதிரான டி20 தொடரில் விளையாடியபோது இலங்கை வேகப்பந்து வீச்சாளர் மதீஷ பத்திரனவுக்குத் தொடையின் பின்தசையில் காயம் ஏற்பட்டது. அதனால் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் முதல் ஐபிஎல் ஆட்டத்தில் அவர் இல்லை. பிறகு திரும்பி வந்தார். ஏப்ரல் 14ஆம் தேதி மும்பையில் 28 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 4 விக்கெட்டுகளை வீழ்த்தி, ஆட்ட நாயகனாகவும் தேர்வானார். ஆனால் மே மாதத் தொடக்கத்தில், மீண்டும் தொடைப் பின்தசைக் காயம் என்று அறிவித்து அணி நிர்வாகம் அவரைத் தாயகத்துக்கு அனுப்பிவைத்தது. ஆறே ஆட்டங்களில் 13 விக்கெட்டுகள் எடுத்திருந்த அவருக்கு அப்போது வயது 21. சென்னை அணி அவ்வாண்டு பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதிபெறவில்லை. அந்த வருத்தம் தேக்காவில் பலருக்கு இன்னும் தீரவில்லை!

‘ஹேம்ஸ்டிரிங்’ என்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்வது ஒரே தசையை அல்ல. உட்காரும்போது நாற்காலியில் பதியும் இடுப்பெலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை செல்லும் மூன்று தசைகளின் தொகுப்பு அது. இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டுகளையும் அது இயக்குகிறது. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்றுமுன் இந்தத் தசை நீண்டுகொண்டே காலின் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பெரும்பாலும் கிழிவது அந்த நொடியில்தான்.

சிக்கலும் இங்கேதான். நடப்பதற்கோ, மாடிப்படி ஏறுவதற்கோ, மெதுவோட்டத்துக்கோ இவ்வளவு பலம் தேவையில்லை. ஆகவே சிறு கிழிசலாக இருந்தால், சில நாள்களிலேயே வலி மறைந்துவிடலாம். தேசியப் பள்ளிகள் விளையாட்டுப் போட்டி நெருங்கும், அல்லது உடலுறுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் காத்திருக்கும். திடலுக்குத் திரும்பி முதன்முறை முழு வேகம் எடுக்கும்போது அதே இடத்தில் மறுபடியும் சுரீர் என்று இழுக்கும். உயர்நிலை நான்கில் இருப்பவருக்கு அது பள்ளி அணியின் கடைசிப் பருவமாகவே முடிந்துவிடலாம்.

அப்படியானால் இன்னும் அதிக நாள் படுத்திருக்க வேண்டுமா? முதல் சில நாள்கள் ஓய்வு தேவைதான். அதற்குமேல் சும்மா இருந்தால் தசை பலவீனமாகும். 2013ல் சுவீடனின் 75 காற்பந்து விளையாட்டாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தசையை நீட்டிக்கொண்டே சுமை கொடுக்கும் பயிற்சிகளைச் செய்தவர்கள் சராசரியாக 28 நாள்களில் பயிற்சிக்குத் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சிகளைச் செய்தவர்களுக்கு 51 நாள்கள் ஆயின.

காயத்தைத் தவிர்க்கவும் இதே வழிதான் உதவுகிறது. முழங்காலிட்டு நின்று, கணுக்கால்களை நண்பர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் முடிந்தவரை மெதுவாக முன்னால் சாயும் பயிற்சிக்கு ‘நோர்டிக்’ என்று பெயர். ஜிம் கட்டணம் கிடையாது. வெறும் பாய் போதும். டென்மார்க்கில் 942 காற்பந்து விளையாட்டாளர்களை வைத்து நடத்திய ஆய்வில், இதைச் செய்த குழுவினரிடையே 15 பின்தசைக் காயங்கள் ஏற்பட்டன. செய்யாத குழுவினரிடையே 52. ஆனால் மறுநாள் தொடையில் நல்ல வலி இருக்கும், அதனால் ஆட்டத்துக்கு முந்தைய நாள் இதைத் தொடங்க வேண்டாம். காயம்பட்டவர்கள் எப்போது தொடங்கலாம் என்பதை இயன்மருத்துவரே முடிவு செய்யட்டும்.

நம் வீடுகளில் முதலில் வெளியே வருவது தைலப் புட்டிதான். சிராங்கூன் சாலையில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் கடைகளுக்கும் குறைவில்லை. நாள்பட்ட இறுக்கத்துக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் புதிதாகக் கிழிந்த தசையை முதல் சில நாள்களில் அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தக்கசிவு கூடக்கூடும். பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்வது உங்கள் பொறுப்பு!

திடலுக்குத் திரும்பத் தயாரா என்பதைத் தேதியை வைத்து முடிவு செய்ய முடியாது. காயம்பட்ட கால் மற்றக் காலின் அளவுக்கு நீள வேண்டும், அதே பலத்துடன் இழுக்க வேண்டும். மெதுவோட்டத்தில் தொடங்கி, முக்கால் வேகத்தை எட்டி, பிறகு முழு வேகத்தில் பல முறை ஓடிப் பார்க்க வேண்டும். களைத்த பிறகும் அது வலியில்லாமல் முடிய வேண்டும். படுத்தபடி, முழங்காலை மடக்காமல் காலை வேகமாக மேலே வீசச் சொல்லும் சோதனையும் உண்டு. அதில் வலி இல்லாவிட்டாலும், வீசும்போது பயமாக இருந்தால் அந்தத் தசை இன்னும் தயாராகவில்லை என்றே நிபுணர்கள் கருதுகிறார்கள். பயத்தை வெல்லச் சொல்லி முதுகில் தட்டும் நண்பர்கள் இதை அறிவது நல்லது.

‘டப்’ என்ற சத்தம் கேட்டாலோ, தொடை கறுத்து வீங்கினாலோ, நடக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் வலியென்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போய், விளையாட்டு மருத்துவ நிபுணரைப் பார்க்கப் பரிந்துரை கேட்கலாம். சில சமயம் முதுகு நரம்பில் ஏற்படும் அழுத்தமும் தொடையின் பின்னால் வலியாகத் தெரியும் என்பதால், அதையும் அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். போகும்போது எந்த வேகத்தில், எத்தனையாவது ஓட்டத்தில், தொடையின் எந்த இடத்தில் இழுத்தது என்பதைக் கைத்தொலைபேசியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.