இரைச்சலுக்கு நடுவே குரல் கேட்க

காதுகேட்கும் கருவி அணிந்த குழந்தைக்கு அமைதியான அறையில் பேச்சு ஓரளவு தெளிவாகவே கேட்கும். வகுப்பறையிலும் பேருந்து நிலையத்திலும் அதே குழந்தை திணறும். ஆசிரியரின் குரலோடு சுற்றுப்புறச் சத்தத்தையும் கருவி சேர்த்துப் பெருக்குவதே காரணம்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதற்குத் தனிக் கவனம் தேவை. சிப்காட் தொழிற்பேட்டைகளும், பெங்களூருக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் லாரிகளும் ஓயாத இரைச்சலைத் தருகின்றன. கனரக வாகனம், இயந்திரம், மின்விசிறி ஆகியவற்றின் தாழ்ந்த சத்தம் மெல்லிய மெய்யொலிகளை மூடிவிடும். 'படம்', 'பதம்' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். வெற்றுச் சுவர்களின் எதிரொலி இதை மேலும் குழப்பும். காதில் விழாத சொல்லை ஊகிக்க மொழிப்பழக்கம் வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் எல்லைப்புறக் குழந்தைக்கு அந்த ஊகம் இன்னும் கடினம்.

ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது வல்லுநர்கள் பரிந்துரைக்கும் அளவு. தூரம் இருமடங்கானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆகவே முதல் மருந்து அருகாமைதான். குழந்தை முன்வரிசையில், சாலைப்பக்கச் சன்னலிலிருந்து விலகி, நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார வேண்டும். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல், முகமும் உதடும் தெரியப் பேச வேண்டும். மற்ற மாணவர் சொன்ன பதிலைத் திருப்பிச் சொல்வதும் உதவும். கடகடக்கும் விசிறியைப் பழுதுபார்ப்பது, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டுவது, துணித்திரையும் தென்னைநார் விரிப்பும் இடுவது ஆகியவை இரைச்சலையும் எதிரொலியையும் தணிக்கும்.

இவை போதாதபோது கம்பியில்லா மைக் கைகொடுக்கும். ஆசிரியரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் சட்டையில் மாட்டிய மைக், அவர் குரலை நேரே குழந்தையின் கருவிக்கு அனுப்பும். ஆசிரியர் வகுப்பின் எந்த மூலையில் நின்றாலும் குரலின் அளவு மாறாது. காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்திய பிள்ளைகளுக்கும் இது பயன்படும். முன்னால் வரும் ஒலிக்கு முதன்மை தரும் திசை மைக்குகள் உள்ள கருவிகளும் உண்டு. பேசுபவரைக் குழந்தை நேராகப் பார்க்கும்போதுதான் அவற்றின் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழிசெய்கின்றன. அங்கே பகல்நேர வரம்பு 50 டெசிபல், தொழிற்பகுதிக்கு 75. நெடுஞ்சாலையோரப் பள்ளிகள் இவ்விதியைச் சுட்டி நடவடிக்கை கோரலாம்.

கருவிக்கும் ஆலோசனைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. முன்வரிசை இடத்துக்குச் செலவு எதுவுமில்லை. பெற்றோர் கேட்க வேண்டும். பள்ளிகள் தயங்காமல் தர வேண்டும்.