கள்ளுக்கு ஒரு பகல், விஸ்கிக்குப் பன்னிரண்டு வருடம்

வட சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது. பெயர் தென்னமரம். பெயரில்தான் தென்னை. 1917-ல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக உருவானது அந்த மண்தான். அதை உருவாக்கியவர் ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். கொன்யாக் பிராந்திக்குப் பேர்போன ஷராந்த் வட்டாரத்தில் 1879-ல் பிறந்தவர். மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-ல் பிரான்ஸின் கோன்கூர் பரிசையும் வாங்கியவர்.

அதே 1879-ல் ஜப்பானின் ஒசாக்காவில் பிறந்தவர் டோரி ஷின்ஜிரோ. ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி ஆலையைக் கட்டியவர் அவர். இருவரும் சந்தித்ததில்லை. ஆனால் மது எப்படி உண்டாகிறது, அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது, அந்தக் காலத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்கப் போனால் டோரியின் யமசாக்கி ஆலையையும் வட சிலாங்கூர்த் தொழிலாளர் லயத்தையும் ஒரே கட்டுரையில் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. பெரிய துரை ஃபொக்கொனியேயின் சொந்த ஊரில் பிராந்தி ஓக் பீப்பாயில் வருடக்கணக்காகத் தூங்கும். தோட்டத்துக் கள்ளுக்கு இரண்டாவது பகலே கிடையாது.

ஒரு பகல் ஆயுள்

கள் இறக்குவது எளிய வேலை என்று நினைப்பவர்கள் பாளை கட்டுவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். விரியாத தென்னம்பாளையை நாரால் இறுகச் சுற்றிக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் சுற்றிலும் தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் பாளை நசுங்கிக் கெடும், மெல்லத் தட்டினால் சாறு ஊறாது. சில நாள் கழித்து நுனியைச் சீவினால் சொட்டத் தொடங்கும். காலையும் மாலையும் மரம் ஏறி, தாள் கனத்துக்கு ஒரு சீவல் சீவி, கலயத்தை மாற்றிக் கட்ட வேண்டும். அதிகம் சீவினால் பாளை சீக்கிரம் தீரும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும்.

சொட்டும்போது அது இனிப்பு நீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் பதநீராகவே நிற்கும். பூசாவிட்டால் கலயத்திலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றும். சில மணி நேரத்தில் பீர் அளவுக்கு, நான்கைந்து சதவீதம் ஏறிவிடும். மறுநாள் புளிக்கும், அதன்பின் காடிதான். கள்ளைச் சேமிக்கவும் முடியாது, தூரத்துக்கு அனுப்பவும் முடியாது. இறக்கிய இடத்தில், இறக்கிய அன்றே குடித்தாக வேண்டும். வேலை முடிந்து வரும் ஆட்களுக்குத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை திறந்திருந்ததற்கு இந்தக் கெட்டுப்போகும் குணமும் ஒரு காரணம். வேறு காரணத்துக்குப் பிறகு வருவோம்.

பார்லி எப்படி விஸ்கியாகிறது

விஸ்கியும் நொதித்தலில்தான் தொடங்குகிறது. தென்னை சர்க்கரையைத் தானே தருகிறது. தானியம் தராது, அதில் இருப்பது மாவு. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, கஞ்சி காய்ச்சும் அம்மாக்களுக்கு இதன் தீர்வு தெரியும். முளைவிடும்போது தானியத்துக்குள் ஊறும் நொதிகள் மாவை இனிப்பாக்கும். பார்லியை நனைத்து, முளைக்கவிட்டு, சூட்டில் உலர்த்தினால் அதுதான் மால்ட். உலர்த்தும்போது பீட் என்னும் சதுப்புநிலக் கரியை எரித்தால் புகைமணம் ஏறும்.

மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து இனிப்பு நீரை வடிப்பார்கள். ஈஸ்ட் சேர்த்து இரண்டு மூன்று நாள் விட்டால் ஏழெட்டு சதவீதச் சாராயச் சத்துள்ள கலவை கிடைக்கும். அடுத்து வருவது செப்பு வாலை. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும், சாராயச் சத்துக்கு 78 போதும். முதலில் எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து, அதை மறுபடி ஒருமுறை காய்ச்சுவார்கள். செம்பு வெறும் பாத்திரமல்ல. கந்தக வாடையைத் தன்மேல் இழுத்துக்கொள்வது அதன் வேலை.

கைத்திறன் தெரியும் இடம் இரண்டாவது காய்ச்சல். முதலில் வருவது தலை, மூக்கைக் குத்தும். கடைசியில் வருவது வால், கனத்து நாறும். நடுவில் வருவதை மட்டும் எடுத்து, தலையையும் வாலையும் அடுத்த முறை காய்ச்சும் கலவையோடு சேர்ப்பார்கள். நடுப்பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தீர்மானிப்பதில்தான் ஓர் ஆலைக்கும் இன்னோர் ஆலைக்கும் வித்தியாசம். வந்து சேர்வது தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதை விஸ்கி என்று சொல்ல முடியாது. விஸ்கியாக்குவது மரமும் காலமும்.

காத்திருப்பதற்கு யார் காசு கொடுப்பது?

தக்கெத்சுரு மசத்தாக்கா 1894-ல் ஹிரோஷிமா பக்கம் தக்கெஹாராவில், சாக்கே என்னும் அரிசி மது காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர். 1918-ல் அவர் வேலை செய்த கம்பெனி அவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. கிளாஸ்கோவில் வேதியியல் படித்தார். லாங்மோர்ன், ஹேசல்பர்ன் ஆலைகளில் தொழில் பழகி, பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தார். ரீட்டா கோவன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்து 1920-ல் ஊர் திரும்பினார். அனுப்பிய கம்பெனிக்கு அப்போது ஆலை கட்ட வசதியில்லை.

வசதி டோரியிடம் இருந்தது. 1907-ல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த அக்காடாமா என்ற இனிப்பு ஒயின் நன்றாக ஓடியது. அந்தக் காசில்தான் 1923-ல் கியோட்டோவுக்கும் ஒசாக்காவுக்கும் நடுவே, மூன்று ஆறுகள் கூடும் யமசாக்கியில் ஆலை எழும்பத் தொடங்கியது. தக்கெத்சுரு பத்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தார். வருடம் முழுக்கப் பார்லி உள்ளே போகிறது, வெளியே ஒரு போத்தலும் வரவில்லை. 1929-ல் வந்த முதல் விஸ்கி ஷிரோஃபுடாவும் எடுபடவில்லை. புகை வாடை ஜப்பானியர் நாக்குக்குப் பிடிக்கவில்லை. நம் நாட்டு நாக்குக்கு ஏற்றாற்போலச் செய்ய வேண்டும் என்பது டோரியின் எண்ணம், ஸ்காட்லாந்தில் கற்றதை விடக்கூடாது என்பது தக்கெத்சுருவின் பிடிவாதம்.

1934-ல் தக்கெத்சுரு பிரிந்து, குளிரும் பீட் நிலமும் உள்ள வடக்குத் தீவு ஹொக்காய்டோவின் யோயிச்சியில் சொந்த ஆலை தொடங்கினார். கம்பெனியின் பெயரில் விஸ்கியே இல்லை, 'பெருஜப்பான் பழச்சாறு' என்ற பொருளில் பெயர். பீப்பாய்க்குள் விஸ்கி முதிரும்வரை ஆப்பிள் சாறு விற்றுச் சமாளித்தார்கள். முதல் விஸ்கி 1940-ல் வந்தது. அந்தப் பழைய பெயரின் சுருக்கம்தான் இன்றைய நிக்கா. டோரியின் கம்பெனி இன்றைய சன்டோரி.

யோயிச்சியில் இன்றும் வாலைக்குக் கீழே நிலக்கரியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு எரிக்கிறார்கள். தீ ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துக் கரி போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் அடி தீய்ந்துபோகும். அந்த லேசான தீய்ந்த மணமே யோயிச்சியின் அடையாளம். வாலையின் கழுத்தில் வைக்கோல் கயிறு திரித்துக் கட்டி வெள்ளைக் காகிதம் தொங்கவிட்டிருக்கிறார்கள். சாக்கே பட்டறையில் கட்டும் ஷின்டோ காப்பு அது. நாம் வாசலில் மாவிலை கட்டுவது போல. ஸ்காட்லாந்துச் செம்பைத் தங்கள் வீட்டுப் பொருளாக்கிக்கொண்டார்கள்.

பீப்பாயும் வெயிலும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானுக்கு வெளிநாட்டு ஓக் பீப்பாய் கிடைக்காமல் போக, உள்ளூர் ஓக்கான மிசுநாராவை வெட்டினார்கள். தச்சனுக்குப் பிடிக்காத மரம் அது. கோணலாக வளரும், பீப்பாய்க்குத் தோதாகப் பருக்க 200 வருடம் எடுக்கும், பீப்பாயாக்கினாலும் ஒழுகும். புது மரத்தின் வாடையும் தூக்கலாக இருந்தது. பல வருடம் முதிர்ந்த பிறகுதான் சந்தனமும் அகிலும் கலந்த கோயில் மணம் வெளியே வந்தது. நம்மூர்க் காட்டில் மலாய்க்காரர்கள் காஹாரு என்று சொல்லும் அதே அகில் மணம்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு பீப்பாயை வைத்தால் என்ன ஆகும்? மரத்தின் நுண்துளை வழியே பீப்பாயிலிருந்து வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகும். தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம். 1948-ல் தொடங்கிய பெங்களூர் அம்ருத் நிறுவனத்தின் கிடங்கில் 10 சதவீதத்துக்கும் மேல். 100 லிட்டரை 12 வருடம் வைத்தால் ஸ்காட்லாந்தில் சுமார் 78 லிட்டர் மிஞ்சும். பத்து சதவீதம் போகும் ஊரில் 28 லிட்டர்தான். வெயிலில் மரமும் சாராயமும் வேகமாகக் கலப்பதால் நாலைந்து வருடத்திலேயே முதிர்ச்சி வந்துவிடுகிறது. அம்ருத் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டைக் கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகம் செய்து, வெப்ப நாட்டு விஸ்கிக்கும் இடமுண்டு என்று காட்டியது. பத்தாங்கில் விஸ்கி முதிராமல் போனதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது.

லேபிள் சொல்வது உண்மையா?

ஜப்பானில் விஸ்கி விற்பனை 1983-ல் உச்சம் தொட்டுப் பிறகு கால் நூற்றாண்டு சரிந்தது. ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. 2001-க்குப் பிறகு யோயிச்சிக்கும் யமசாக்கிக்கும் உலகப் பரிசுகள் வரிசையாக வந்தன, சோடா கலந்த ஹைபால் இளைஞர்களைப் பிடித்தது, எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். கொடுக்கச் சரக்கில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வடிக்காததை இன்று எவ்வளவு காசு கொட்டினாலும் வடிக்க முடியாது. 2018-ல் சன்டோரி ஹக்குஷு 12, ஹிபிக்கி 17 என்ற இரண்டு விஸ்கிகளின் விற்பனையையும் நிறுத்தி வைத்தது.

சரக்கு இல்லாத இடத்தில் குறுக்குவழி முளைக்கும். வெளிநாட்டு விஸ்கியை மொத்தமாக இறக்கி, ஜப்பானில் போத்தலில் அடைத்து, 'ஜப்பானிய விஸ்கி' என்று விற்றார்கள். தடுக்கச் சட்டமில்லை. கடைசியில் தொழில் சங்கமே 2021-ல் விதி வகுத்து, 2024 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மால்ட் கட்டாயம். தண்ணீர் ஜப்பானுடையது. நொதித்தல், வடித்தல், போத்தலில் அடைத்தல் எல்லாம் ஜப்பானில். மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம். போத்தலில் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இவை இல்லாமல் சங்க உறுப்பினர்கள் ஜப்பானிய விஸ்கி என்று லேபிள் ஒட்டக்கூடாது.

இங்கே மலேசியாவில் தோட்டத்து ஆட்களுக்குக் கிடைத்த போத்தலின் பெயர் சம்சு. ஆதியில் சீனர்களின் அரிசிச் சாராயம். பிற்காலத்தில் சாராயத்தில் தண்ணீரும் நிறமும் வாசனையும் கலந்து சின்னத் தட்டைப் போத்தலில் அடைத்து விற்றதெல்லாம் சம்சு ஆனது. கள்ளைவிடப் பல மடங்கு வீரியம், அதுவும் சில வெள்ளிக்கே கிடைத்தது. சில போத்தல்களில் பிராந்தி, விஸ்கி என்ற எழுத்து இருந்தது. சிலவற்றில் உடம்பு வலிக்கு நல்லது, பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்றுகூட இருந்தது. பீப்பாய் தரும் பழுப்பு நிறத்தைச் சாயம் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடும். பீப்பாயில் கழியும் வருடங்களைக் கொடுக்காது.

அதைவிடக் கொடியது மெத்தனால். தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படும் இதைக் கள்ளச் சரக்கில் கலந்தால் நிறத்திலோ மணத்திலோ கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அரிக்கும். பார்வை மங்கும், மூச்சு வாங்கும். பல மணி நேரம் கழித்தே அறிகுறி தெரிவதால் சாதாரண மப்பு என்று படுத்துவிடுவார்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் காப்பாற்ற மாற்று மருந்து உண்டு. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இப்படி இறந்தார்கள். பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் வாங்கிய போத்தல்களில் விஸ்கி, பீர் என்ற லேபிள்கள் ஒட்டியிருந்தன.

1941-ன் பட்டியல்

தோட்டத்துக்குள் கள்ளுக்கடை இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு என்றேன். ஆட்கள் சம்சுவைத் தேடி வெளியே போகாமல் கண்காணிப்பில் குடிப்பது நிர்வாகத்துக்கு வசதி. கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட ஏற்பாடும் இருந்தது. தொழிலாளி குடித்த காசிலேயே தொழிலாளிக்கு நலன்.

1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை, அதன் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனைக் கைது செய்தும் ராணுவத்தை இறக்கியும் அரசு அடக்கியது. சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது எழுந்த கோரிக்கைகளைப் படித்தால், சீனத் தொழிலாளிக்கு நிகரான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை என்று நீள்கிறது. அதில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் உண்டு. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழி என்பதும் உண்டு.

இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பது தற்செயலல்ல. டோரிக்கு இனிப்பு ஒயின் இருந்தது, தக்கெத்சுருவுக்கு ஆப்பிள் சாறு இருந்தது, அதனால் காத்திருக்க முடிந்தது. விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று பொழுது சாய வீடு திரும்பியவனுக்குத் தன்னுடையதென்று மிஞ்சியது அந்தி நேரம் மட்டும்தான். அதற்குள் வேலை செய்து முடிக்கிற மதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது, அதையே விற்றார்கள். கடையை மூடச் சொன்ன அதே கை, பகலில் சில மணி நேரத்தையும் திருப்பிக் கேட்டது.