பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

பழமொழியைத் தொல்காப்பியம் ‘முதுமொழி’ என்கிறது. நுட்பமும் சுருக்கமும் தெளிவும் உடையதாய், ஒரு கருத்தைக் காரணத்தோடு நிலைநாட்ட வருவது என்று அதற்கு இலக்கணமும் வகுக்கிறது. இதில் கடைசிப் பகுதிதான் முக்கியம். வழக்குத் தீர்க்கும்போதோ, பிள்ளையைக் கண்டிக்கும்போதோ, கடன் கேட்டு வந்தவருக்கு விடை சொல்லும்போதோதான் பழமொழி வாயில் வரும். அந்தச் சந்தர்ப்பத்திலிருந்து பிரித்து எடுத்தால் அதன் பொருளில் பாதி போய்விடும்.

‘பழமொழி’ என்ற சொல்லும் பழையதே. அகநானூற்றின் 101ஆம் பாட்டில், பிரிந்துபோன தலைவனை நினைத்து வாடும் தலைவி, நன்மை செய்தவருக்குத் தீங்கு வராது என்ற பழமொழி பொய்த்துப் போயிற்றோ என்று தோழியிடம் கேட்கிறாள். அத்தனை காலத்துக்கு முன்பே பழமொழியை வாழ்க்கையோடு உரசிப் பார்க்கும் வழக்கம் இருந்திருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ‘பழமொழி நானூறு’ வெண்பாதோறும் ஒரு பழமொழியை வைத்துப் பாடப்பட்டது. அதை இயற்றிய முன்றுறை அரையனார் சமணர்.

பேச்சில் இருந்தவை தொகுப்பாக அச்சேறியது 19ஆம் நூற்றாண்டில். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் 1842இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். பின்பு சென்னைக்கு வந்து, 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளோடு அதை விரித்தார். ஜான் லாசரஸின் பழமொழி அகராதி 1894இல் வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் 1897இல் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்தார். ஒரே விஷயத்தைப் பற்றி மக்கள் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்க இந்த முறையே உதவும். பின்னாளில் கி.வா. ஜகந்நாதன் திரட்டியவை இருபதாயிரத்தைத் தாண்டின.

நட்பைப் பற்றிய பழமொழிகள் புகழ்ச்சியைவிட எச்சரிக்கையையே அதிகம் பேசுகின்றன. ‘உயிர் காப்பான் தோழன்’ என்பது ஒரு பக்கம். மறுபக்கம், ‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’ என்று இரண்டு பக்கமும் நல்லவனாக நடிப்பவனை ஒரே வரியில் பிடித்து நிறுத்துகிறது இன்னொன்று. ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்பதில் யார்மீதும் பழி இல்லை. நெருக்கமும் அளவு மீறினால் சலிக்கும் என்பதை வீட்டு உறியில் தொங்கும் பாலை வைத்தே அது சொல்லிவிடுகிறது.

குணத்தைப் பற்றி அவை ஒன்றுக்கொன்று முரண்படும். ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்றால் மனிதன் மாறமாட்டான். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்றால் விடாமுயற்சி கல்லையும் மாற்றும். இரண்டும் உண்மையே. திருந்தாதவனைக் கண்டு சலித்தவர் முதலாவதைச் சொல்வார். மனம் தளர்ந்த பிள்ளைக்குத் தாய் இரண்டாவதைச் சொல்வாள்.

பெரும்பாலான பழமொழிகளின் உவமை ஏரும் ஏரியும் அடுப்படியும். எடுத்துக்காட்டுக்கு, சென்னைப் புறநகரில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே ரயில் நிற்கும் அண்ணனூரைச் சுற்றியுள்ள பகுதி ஏரிப் பாசனப் பூமியாக இருந்தது. அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு ஏரிகள் இன்றும் அருகில் உள்ளன. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின் வயல்கள் மனைகளாயின. ‘ஏரி நிறைந்தால் கரை கசியும்’ என்பது, ஒருவருக்குச் செல்வம் பெருகினால் அருகில் இருப்பவருக்கும் கொஞ்சம் கிடைக்கும் என்று பொருள்படும். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் மண்கரையைக் கண்டவருக்கு இது விளக்காமலே புரியும். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு விளக்கித்தான் ஆகவேண்டும்.

பொருள் கண்ணைவிட்டு மறைந்த இடத்தில்தான் புதுக்கதைகள் முளைக்கின்றன. ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பதைச் ‘சஷ்டியில் விரதம் இருந்தால் கருப்பையில் குழந்தை வரும்’ என்று திருத்திச் சொல்வோர் உண்டு. கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் தேவையற்ற திருத்தம். அகப்பை என்பது கொட்டாங்கச்சியில் காம்பு செருகிய கரண்டி. சட்டியில் குழம்பு இல்லாவிட்டால் எத்தனை முறை துழாவினாலும் அதில் எதுவும் ஏறாது. பரிமாறிப் பழகிய கை சொன்ன சொல் அது.