தெருவுக்கு கேமரா வேணும்... பணம் யார் போடுவது?

உங்கள் தெருவில் கண்காணிப்பு கேமரா வைக்க வசூல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் 'சூப்பர்' என்கிறார்கள். பணம் என்றதும் பாதிப் பேர் கப்சிப்! இது கஞ்சத்தனம் மட்டுமல்ல. "நான் போடாவிட்டாலும் கேமரா என் வாசலையும் பார்க்கத்தானே போகுது" என்ற கணக்கும், "நான் மட்டும் போட்டு ஏமாந்துடுவேனோ" என்ற பயமும்தான் கையைக் கட்டிப்போடுகின்றன.

இதைப் பொருளாதார அறிஞர்கள் விளையாட்டாக நடத்தியே சோதித்திருக்கிறார்கள்.

20 புள்ளி விளையாட்டு

சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கெக்டர் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இது. குழுவுக்கு நான்கு பேர். ஆளுக்கு 20 புள்ளிகள்; கடைசியில் அவை பணமாக மாறும். பொது உண்டியலில் யார் ஒரு புள்ளி போட்டாலும், நால்வருக்கும் தலா 0.4 புள்ளி கிடைக்கும்.

• யாருமே போடாவிட்டால்: ஆளுக்கு 20
• எல்லோரும் முழுசாகப் போட்டால்: ஆளுக்கு 32
• மூவர் முழுசாகப் போட்டு ஒருவர் நழுவினால்: நழுவியவருக்கு 44, போட்டவர்களுக்கு 24

நழுவுகிறவருக்குத்தான் லாபம்! அதனால் சுற்று போகப் போக, எல்லோருமே போடுவதைக் குறைத்தார்கள். பிறகு ஒரு புது விதி வந்தது: தன் புள்ளியில் கொஞ்சம் செலவழித்து, நழுவியவரின் புள்ளியைக் குறைக்கலாம். உடனே பங்களிப்பு ஏறியது. ஆட்கள் மாறவில்லை, விதிதான் மாறியது.

கூட ஒருவர் போட்டால்?

தெருவில் யாருக்கும் அபராதம் போட முடியாதே! வேறு வழி உண்டா? அமெரிக்காவில் டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரும் 50,000-க்கும் மேற்பட்ட பழைய நன்கொடையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். "நீங்கள் தருவதற்கு ஈடாக இன்னொருவரும் தருவார்" என்று சொன்னபோது, பணம் தருவதற்கான வாய்ப்பு 22 சதவீதம் கூடியது. இரு மடங்கு, மூன்று மடங்கு தருவதாகச் சொன்னதால் கூடுதல் பலன் இல்லை.

நம் மாநிலத்தின் 'நமக்கு நாமே' திட்டமும் இதே வழியில்தான் நடக்கிறது. மக்கள் ஒரு பங்கு போட்டால், மீதியை அரசு போடும். மக்கள் பங்கு பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒன்று. சில பணிகளுக்கு இது மாறும்.

நீங்கள் செய்யக்கூடியது

1. வசூல் கணக்கைக் குழுவில் அவ்வப்போது போடுங்கள். மற்றவர்களும் தருகிறார்கள் என்று தெரிந்தால் தயக்கம் குறையும்.
2. "குறித்த தேதிக்குள் தொகை சேராவிட்டால் பணம் திரும்பிவிடும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் போகும்.
3. பணி 'நமக்கு நாமே' திட்டத்தில் வருமா என்று உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். வசூல் தொடங்கும் முன்பே கேட்டுவிட்டால், ஆளுக்கு எவ்வளவு என்று சரியாகச் சொல்லலாம்.