உயர்தரத்தில் எந்தப் பிரிவு?

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நமது வீடுகளில் மகிழ்ச்சி நிறைகிறது. பிள்ளையும் உயர்தர வகுப்பில் சேர்ந்துவிடுகிறது. எந்தப் பிரிவு என்று கேட்டால், "சிநேகிதி சேர்ந்த பிரிவு", "பக்கத்துப் பாடசாலையில் உள்ள பிரிவு" என்ற பதிலே அதிகம் வருகிறது. தாய்மார்களே! இந்த ஒரு தீர்மானம் சில வாசல்களைத் திறக்கிறது. பல வாசல்களை மூடியும் விடுகிறது.

மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். வேறு பிரிவில் இரண்டு வருடம் படித்தபின் வருந்திப் பயனில்லை. கலைப்பிரிவு தாழ்ந்ததல்ல. விரும்பி எடுத்தவர்கள் சட்டம், நிர்வாகம், ஆசிரியத் தொழில் என்று உயர்ந்திருக்கிறார்கள். வேறு வழி தெரியாமல் அதில் சேர்வதே கவலைக்குரியது.

2013இல் தொழில்நுட்பப் பிரிவும் வந்தது. நமது திருகோணமலையில் துறைமுகம் இருக்கிறது. பிரிமா மாவு ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் இருக்கின்றன. மின்சாரம், இயந்திரம், ஆய்வுகூட வேலை தெரிந்தவர்கள் இத்தகைய இடங்களுக்குத் தேவை. என்ன படித்தால் அங்கே நுழையலாம் என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டா? பல்கலைக்கழகம் கிடைக்காதோருக்குத் தேசிய தொழிற்றகைமை வழியும் உண்டு. அதன் 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது.

"பல்கலைக்கழகம் நமக்கு எட்டாது" என்று ஒதுங்கவும் வேண்டாம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. கொழும்பில் போதாத இஸட் புள்ளி இங்கே போதுமானதாக அமையக்கூடும்.

பெண்பிள்ளைகளின் விடயம் தனியானது. ஆண்பிள்ளையை விஞ்ஞானம் படிக்கத் தூரத்துக்கு அனுப்பும் நாம், அவனை விடக் கூடிய புள்ளி பெற்ற மகளை "பாடசாலை தூரம்" என்று நிறுத்திவிடுகிறோம். முன்பு கிண்ணியாவிலிருந்து நகருக்கு வரப் 'பாதை'க்குக் காத்துக் கிடந்தோம். 2009இல் பாலம் திறந்தபின் பஸ்ஸில் போய் வருகிறோம். கடல் வழிவிட்ட பின்னும் நாம் மறிக்கலாமா?

ஆகவே படிவத்தை நிரப்புமுன் வீட்டில் மஷூரா செய்யுங்கள். உனக்கு எந்தப் பாடத்தில் விருப்பம்? அதில் என்ன புள்ளி பெற்றாய்? அது எந்தத் தொழிலுக்குக் கொண்டுபோகும்? இம்மூன்றையும் கேளுங்கள். பாட ஆசிரியரையும் அத்தொழிலில் உள்ள ஒருவரையும் சந்தியுங்கள். வாப்பா முடிவு சொல்லுமுன் பிள்ளை பேசட்டும். உம்மா அதற்கு இடம் எடுத்துக் கொடுக்கட்டும்.